அளவெடுத்த பின்னரே தைக்க வேண்டும்

பிள்ளைக்குப் பெருநாள் உடுப்புத் தைப்பதென்றால் முதலில் என்ன செய்கிறோம்? பிள்ளையை அருகில் அழைத்து அளவெடுக்கிறோம். அளவெடுக்காமல் வெட்டிய துணி எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் வீண்தான். பொதுச் சேவைகளுக்கென உருவாக்கப்படும் கணினி வசதிகளும், கையடக்கத் தொலைபேசி வசதிகளும் இப்படித்தான்.

எந்த வடிகான் மழைக்கு அடைபடுகிறது, எந்தச் சந்தியில் விளக்கு எரிவதில்லை, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்பவற்றை நன்கறிந்தவர்கள் வீட்டிலுள்ள பெண்களே. ஆயினும் திட்டம் தீட்டும்போது அவர்களிடம் எவரும் கேட்பதில்லை.

தம்புள்ளை தரும் பாடம்

நமது மாத்தளை மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2000களில் லேர்ன்ஏசியா எனும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தம்புள்ளைப் பகுதியின் சிறு மரக்கறி விவசாயிகளைச் சந்தித்தனர். பயிரைத் தீர்மானிப்பதிலிருந்து விற்பது வரை எதற்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டனர். மொத்தச் செலவில் சுமார் 11 சதவீதம், விதை எங்கே கிடைக்கும், இன்றைய விலை என்ன என்று தகவல் தேடி அலைவதற்கே போய்விடுவது தெரியவந்தது. தம்புள்ளை பொருளாதார நிலையத்தில் இயங்கிய 'கொவி ஞான சேவா' எனும் சேவை இந்தக் குறையைத்தான் தீர்க்க முனைந்தது. கடைகளில் விலைகளைத் திரட்டி, சந்தையிலேயே திரையில் காட்டியது. பின்னர் விலைகள் கையடக்கத் தொலைபேசிக்கும் வந்தன. விவசாயிக்குத் தேவைப்பட்டது பெரிய இயந்திரமல்ல. உரிய நேரத்தில் ஒரு விலை.

கேள்வி மக்களுடையது

நமது மத்திய மாகாணத்தில் 1989ல் ஆரம்பமான கொத்மலை சமூக வானொலியும் நினைவுகூரத்தக்கது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அங்கு இணைய வசதி வந்தது. அக்காலத்தில் கிராமத்து வீடுகளில் கணினி ஏது? நேயர்கள் தமது கேள்விகளை அனுப்பினர். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, விடயம் தெரிந்தவர்களுடன் சேர்ந்து மக்களின் மொழியில் விளக்கினர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி செய்யப்பட்டது. கணினியைத் தொட்டறியாத தாய்மாரும் இதனால் பயன்பெற வழி பிறந்தது.

பதில் சொல்லும் கடமை

கேட்பது மட்டும் போதுமா? பதில் சொல்ல வேண்டியவரும் இருக்க வேண்டும். இதற்கு நம் கையில் ஒரு சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபை உங்கள் வீதிக்கு எவ்வளவு பணம் ஒதுக்கியது என்று எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுதிக்கொள்வது தகவல் அதிகாரியின் கடமை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

வாய்மொழிக்கு இடம் வைத்த இந்த ஏற்பாடு, கணினிச் சேவை அமைப்போருக்கும் நல்ல பாடமாகும். முறைப்பாடு செய்யும் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் உக்குவெலையிலோ கலேவெலையிலோ வாழும் உம்மா எப்படி நிரப்புவார்? வீட்டின் ஒரே நல்ல தொலைபேசி வாப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விட்டால் அவர் எதில் நிரப்புவார்?

ஆகவே உங்கள் ஊருக்குப் புதிய சேவையொன்று வருகிறதென்றால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது நம் மொழியில் உள்ளதா? சாதாரணத் தொலைபேசியிலோ நேரில் சென்றோ பயன்படுத்த முடியுமா? நாம் சொல்வதற்கு யார், எத்தனை நாட்களில் பதில் தருவார்?

அடுத்த வீட்டுச் சகோதரிகள் நான்கு பேர் கூடி, அடைபட்ட வடிகானையும் எரியாத விளக்கையும் ஒரு தாளில் திகதியுடன் குறித்து வையுங்கள். நாளை கணினி எதுவாக இருந்தாலும், அதற்குள் முதலில் போக வேண்டியது அந்தத் தாளில் உள்ளவைதான். அளவு நம்மிடம் இருக்கிறது. தைப்பவர்கள் வந்து கேட்கும் வரை காத்திராமல் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்.