0.1 டிகிரி பிசகினாலும் சிக்கல்: துண்டு மரக் கிண்ணம் உருவாவது எப்படி?

பார்த்தால் யாரோ பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும். ஆனால், அந்தக் கட்டங்கள் எல்லாமே தனித்தனி மரத்துண்டுகள்: பழுப்பு வால்நட், வெளிர் மேப்பிள். 12 துண்டுகளை ஒட்டினால் ஒரு வளையம். வளையங்களைச் செங்கல் சுவர் மாதிரி இணைப்பு மாற்றி அடுக்கி ஒட்டி, லேத்தில் கடைந்தால் கிண்ணம்.

சிக்கலே கோணத்தில்தான். 12 துண்டு என்றால், ஒவ்வொரு முனையையும் 15 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் 0.1 டிகிரி குறைந்தால் என்ன ஆகிடும்? மொத்தம் 24 வெட்டு; வளையம் மூடும் இடத்தில் 2.4 டிகிரி இடைவெளி! கிளாம்ப் போட்டு இறுக்கி அதை மறைத்தால், கடையும்போது ஒட்டு விட்டுப்போய் துண்டு முகத்துக்கே பாயலாம். முழு முகத்தையும் மூடும் ஷீல்டு கட்டாயம்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. முதலில் இரண்டு அரை வளையங்களாக ஒட்டுவார்கள். பிசகு முழுக்க நான்கு முனைகளில் வந்து நிற்கும். அவற்றை மட்டும் நேராகத் தேய்த்தால் போதும், இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும்.