கழுவேலியில் பறவைக்கு இரை, நமக்கு மீன்



தை மாதம் மரக்காணம் பக்கம் போனால் கழுவேலியில் கூட்டம் கூட்டமாகப் பறவைகளைப் பார்க்கலாம். "பறவையால நமக்கு என்ன லாபம்?" என்று கேட்கத் தோன்றும். லாபம் இருக்கிறது.

வானூர், மரக்காணம் வட்டங்களில் சுமார் 12,700 ஏக்கருக்குப் பரந்திருக்கும் சதுப்பு நிலம் கழுவேலி. நம்ம ஊர் ஏரிகளின் உபரி நீரும் கடல் நீரும் கலக்கிற இடம். 2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் உலக அளவிலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

எதைத் தின்கிறது?

கூழைக்கடாவும் ஆலாவும் மீன் தின்னும். பூநாரை சேற்று நீரை வடிகட்டிப் பொடி இறாலையும் பாசியையும் தின்னும். குளிர்நாடுகளிலிருந்து வரும் கருவால் மூக்கன் ஈரச் சேற்றில் மூக்கை விட்டுப் புழு எடுக்கும். இங்கே வயிறு நிறைந்து கொழுப்பு ஏறினால்தான் பங்குனி, சித்திரையில் திரும்பிப் பறக்கத் தெம்பு வரும்.

நமக்கு என்ன?

இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. கொசுவலை மாதிரி சின்னக் கண்ணி வலையில் குஞ்சையே அள்ளிவிட்டால் பறவைக்கும் இரை இல்லை, நம் கூடைக்கும் மீன் இல்லை. விதை நெல்லைக் குத்திச் சாப்பிடுவது போலத்தான் இது. கரையில் அலையாத்தி மரங்கள் இருந்தால் குஞ்சுகள் ஒளிந்து வளரும். அந்த மரங்களோ இப்போது கொஞ்சம்தான் மிச்சம்.

நாம் என்ன செய்யலாம்?

* சின்னக் கண்ணி வலை வாங்கக் குழுக் கடன் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போடலாம்.
* கொக்கு, தாரா கறி விற்க வந்தால் வாங்கக் கூடாது. வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. விஷம் வைத்துப் பிடித்ததென்றால் நம்ம பிள்ளைக்கும் அது விஷம்தான்.
* வயலில் அடிக்கும் பூச்சி மருந்தும், ஏரியில் போடும் பிளாஸ்டிக்கும் கடைசியில் கழுவேலிக்குத்தான் போகும். மருந்து டப்பாவை வாய்க்காலில் கழுவாதீர்கள்.
* அலையாத்திக் கன்று நடும் வேலை வந்தால் வனத்துறையோடு நம் குழுவும் சேரலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் இருப்பது மீன் பெருகத்தானே? உள்நீரிலும் அதே பொறுமை வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள்; போட்ட தீர்மானத்தைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள்.