கோடை லீவில் கேமரா பாடம்



அமெரிக்காவில் புகைப்படம் எடுப்பதும் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் என்று உங்களுக்குத் தெரியுமா? நம்ம பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி அங்கே இருக்கிற பெரிய வகுப்புகளில் ‘ஏ.பி.’ என்று ஒரு மேல்நிலைப் படிப்பு உண்டு. அதில் இருபரிமாணக் கலை என்ற பாடத்தை எடுத்து, முழுக்கப் புகைப்படமாகவே செய்யலாம். பரீட்சை ஹாலில் உட்கார்ந்து எழுதுகிற வேலை கிடையாது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டு, அதைத் தேடிப் போன 15 படங்களைக் கொடுக்கணும். அது இல்லாமல் நல்லா வந்த 5 வேலைகளைத் தனியா கொடுக்கணும். மதிப்பெண்ணில் 60 சதவீதம் அந்த 15 படத்துக்கு, 40 சதவீதம் இந்த ஐந்துக்கு. கூடவே, என்ன கேள்வி கேட்டேன், நடுவில் என் யோசனை எப்படி மாறிச்சு என்று எழுதியும் தரணும்.

இதை ஒரே வாரத்தில் செய்ய முடியாது இல்லையா? அதனால் அங்கே பல ஆசிரியர்கள் வகுப்பு தொடங்கும் முன்பே கோடை லீவுக்கு வேலை கொடுத்து விடுவார்கள். (லீவுலயுமா ஹோம்ஒர்க் என்று முகத்தைச் சுளிக்காதீங்க. இது கோடு போட்ட நோட்டில் எழுதுகிற ஹோம்ஒர்க் இல்லை.) அந்த வேலையை நம்ம சின்ன காஞ்சிபுரத்தில் செய்தால் எப்படி இருக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய கேமரா வேண்டாம். வீட்டில் ஒரு டச் போன் இருந்தால் போதும். அது சாயங்காலம்தான் நம்ம கைக்கு வரும் என்றாலும் பரவாயில்லை.

முதலில் போனைத் தொடாமலேயே ஒரு வேலை. ஓட்டு வீட்டில் மத்தியானம் படுத்துக்கிட்டு தரையைப் பாருங்க. ஓட்டு இடுக்கு வழியா விழுகிற வெயில் வட்ட வட்டமா இருக்கும். இடுக்கு கோணலா இருந்தாலும் வெளிச்சம் வட்டமாத்தான் விழும். ஏன் தெரியுமா? அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனுடைய படம்! சின்ன ஓட்டை வழியா வெளிச்சம் நேர்கோட்டில் போய் தரையில் சூரியனை வரைஞ்சிடுது. 2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் வந்ததே, அன்றைக்கு இந்த வட்டங்கள் எல்லாம் பிறை பிறையா மாறி இருக்கும். நம்ம ஊரில் அது பகுதி கிரகணம். கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் வளையமாவே தெரிந்தது. ஒரு இருட்டு அறை, ஒரு சின்ன ஓட்டை, எதிரே ஒரு பரப்பு. கேமரா என்பது இவ்வளவுதான். 1839-ல் பிரான்ஸ் நாட்டில் டாகுவேர் என்பவர், அந்தப் பரப்பில் விழுந்த படம் அழியாமல் நிற்க வழி கண்டுபிடித்ததை உலகத்துக்கு அறிவித்தார்கள்.

இனி மூன்று விஷயம் தெரிஞ்சாப் போதும். ஒன்று, ஓட்டையின் அளவு. நம்ம கண்ணில் பாப்பா வெயிலில் சுருங்கும், இருட்டில் விரியும், அது மாதிரி. பெரிய கேமராவில் இதை மாற்றலாம், பெரும்பாலான போனில் மாற்ற முடியாது, அதனால் விட்டுவிடுவோம். இரண்டு, கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கு என்பது. இதுக்கு நம்ம தறி மாதிரி நல்ல உதாரணம் கிடைக்காது. ஓடுகிற நாடாவை ஒரு வினாடியில் 30-ல் ஒரு பங்கு நேரம் எடுத்தால் நாடா தெரியாது, ஒரு கோடுதான் தெரியும். 500-ல் ஒரு பங்கு நேரம் எடுத்தால் நாடா அந்தரத்தில் அப்படியே நிற்கும். எது நல்ல படம்? எனக்குக் கோடுதான் பிடிக்கும். நாடா நின்னா தறி ஓடாத மாதிரி இருக்கு. மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. என்கிற எண். குறைஞ்ச வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுவதற்கு. ரொம்பக் கூட்டினால் படம் ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியா ஆயிடும்.

தறி வீட்டுக்குள் வெளிச்சம் கம்மி. அதனால் போன் தன் கதவை அதிக நேரம் திறந்து வைக்கும், அப்போது நம்ம கை ஆடினால் படம் கலங்கிடும். போனை ஒரு செங்கல் மேலேயோ, தறிக் கம்பத்தோடு சேர்த்தோ அழுத்திப் பிடிச்சா ஆடாது. இன்னொன்று, நின்னுக்கிட்டு எடுக்காதீங்க. குழித் தறியில் நெய்கிறவர் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்திருப்பார், அவர் முகம் ரொம்பத் தாழ இருக்கும். நாம நின்னா அவர் உச்சந்தலைதான் படத்தில் வரும். நாமும் தரையில் உட்காரணும். உட்கார்ந்தா குழிக்குள்ளே மிதிக்கிற கால் கூடத் தெரியும்.

ஜரிகையை எடுப்பது தனிக் கலை! பட்டு நூலின் மேலே வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதுக்கு மேலே தங்க முலாம் பூசியதுதான் ஜரிகை. அதனால் அது கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பிளாஷ் போட்டா அவ்வளவுதான், மாங்காய் புட்டா, கோபுரக் கரை எல்லாம் போய் ஒரே வெள்ளைத் திட்டு மிஞ்சும். பிளாஷை அணைச்சிடுங்க. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி நாம தள்ளி நின்றால் ஜரிகை மேடாகவும், பட்டு பள்ளமாகவும் தெரியும். மறுபக்கம் இருட்டா இருந்தா ஒரு வெள்ளை வேட்டியை விரிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க, வெளிச்சம் திரும்பி வரும். திரையில் ஜரிகை மேல் விரலை வைத்துக் கீழே இழுத்தால் பல போனில் வெளிச்சம் குறையும், தங்க நிறம் தங்கமாவே வரும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தறியில் இருக்கிற புடவையைப் படம் எடுக்கலாமா?

நம்ம தெருப் பிள்ளைகளுக்கு இது புரியும், மத்தவங்களுக்காகச் சொல்கிறேன். ஒரு புது டிசைன் என்றால் முதலில் கட்டக் காகிதத்தில் வரையணும், அப்புறம் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடணும், அட்டைகளைக் கோர்த்து மாலை மாதிரி தறி மேலே தொங்கவிடணும். கோர்வைப் புடவை என்றால் மூன்று நாடா, கரைப் பக்கம் உதவிக்கு இன்னொரு ஆள். இத்தனையும் ஆன பிறகு ஒரு புடவை இறங்க நாள் கணக்கு, வாரக் கணக்கு ஆகும். ஆனால் அதைப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட ஒரு நிமிஷம் போதும். அதைப் பார்த்து எங்கேயோ விசைத்தறியில் அதே மாதிரி அடிச்சு, பாதி விலைக்கும் குறைவா வித்துடலாம். கைத்தறிக்கு என்று சில ரகங்களை ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தாலும் படம் பறந்து போவதைப் பிடிச்சு வைக்க முடியாது. டிசைன் கொடுத்த முதலாளிக்கு நஷ்டம் என்றால் அவர் அடுத்த பாவு தரமாட்டார். அப்போது தறி சும்மா நிற்கும், வீட்டில் அடுப்பும் யோசிச்சுத்தான் எரியும். “தாத்தா, ஒரே ஒரு போட்டோ” என்று நாம கேட்கிறது விளையாட்டு மாதிரி தெரியலாம், அவங்களுக்கு அது கூலி.

அதனால் நான் வைத்திருக்கிற விதி இது. நெய்கிறவரிடம் முதலில் கேட்கணும். எதை எடுக்கப் போகிறோம், யாருக்குக் காட்டப் போகிறோம் என்று சொல்லணும். எடுத்ததை அவரிடம் காட்டணும், வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே அழிச்சிடணும். முந்தியும் கரையும் முழுசாகத் தெரிகிற படம் எடுக்கவே கூடாது. டிசைன் இல்லாமல் தறியில் என்ன இருக்கு என்று கேட்பீங்க. எவ்வளவோ இருக்கு! விரல், விரலில் காய்ப்பு, அறுந்த இழையை முடிகிற வேகம், தறி மேல் ஒட்டின சாமி படம், விடியற்காலையில் தெருவில் நீளமா இழுத்துக் கட்டின பாவு, அதுக்கு அடியில் குனிஞ்சு போகிற பால்காரர்.

யாரை எடுக்கிறோமோ அவங்க பக்கத்திலிருந்து எடுக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்லணும். எம். பழனி குமார், மதுரைக்காரர். அவர் அம்மா மீன் விற்றவர். இன்ஜினியரிங் படித்துவிட்டு கேமராவைப் பிடித்தார். துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி 2017-ல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 2022-ல் தயாநிதா சிங்–பாரி புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. அவர் உழைக்கிறவங்க வீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார். அவங்க தங்கள் தெருவை, தங்கள் அம்மா அப்பா வேலையை எடுக்கிறாங்க. வெளியிலிருந்து வருகிறவர் ஒரு மணி நேரத்தில் பார்க்க முடியாததை அந்த வீட்டுப் பிள்ளை தினமும் பார்க்குது இல்லையா?

அடுத்தது கேள்வி. ‘காஞ்சிபுரத்தின் அழகு’ என்று வைத்தால் பதினைந்து காலண்டர் படம்தான் வரும். கேள்வி சின்னதா, குறிப்பா இருக்கணும். 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போனார். கோபுரத்தை எடுத்ததோடு நிற்கவில்லை. அடித்தளத்தைச் சுற்றி இருக்கிற கல்வெட்டை விடாமல் நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக ஆக்கினார். அந்தக் காலத்துக் கேமரா பெட்டி எவ்வளவு கனம் என்று நினைச்சுப் பாருங்க. ஒரே விஷயத்தை விடாமல் பார்ப்பது என்றால் அதுதான்.

கோடையில் நம்ம ஊரில் வைகாசி கருட சேவை வரும், வரதர் விடியற்காலையில் தேரடிப் பக்கம் வரும்போது கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். எல்லாரும் போனைத் தூக்கிப் பெருமாளையே எடுப்பாங்க. நீங்க திரும்பி நின்று, பார்க்கிறவங்க முகத்தை எடுத்தால் அது ஒரு நல்ல கேள்வி. குடை பிடிக்கிறவங்க தோள் இன்னொரு கேள்வி. கோயிலுக்குள்ளே மட்டும், எங்கே எடுக்கலாம் என்று கேட்காமல் போனை எடுக்காதீங்க.

நான் எடுத்துக்கிட்ட கேள்வி: தறி போன பிறகு குழி என்ன ஆகுது? எங்க தெருவில் அண்ணன்கள் நிறைய பேர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறிடறாங்க. தறியைப் பிரிச்சா குழி மட்டும் மிஞ்சும். ஒரு வீட்டில் மேலே பலகை போட்டு டிவி வைத்திருக்காங்க. ஒரு வீட்டில் மண் கொட்டி சிமெண்ட் பூசியாச்சு, ஆனா அந்த இடம் மட்டும் வேற நிறமா சதுரமா தெரியுது. இன்னொரு வீட்டில் குழிக்குள்ளே வெங்காயம் கொட்டி வைக்கிறாங்க, குளுமையா இருக்குமாம். ஒரு பாட்டி குழியை மூடவே விடவில்லை, “என்னைக்காச்சும் வேணும்” என்கிறாங்க. இதுவரை ஒன்பது படம் ஆச்சு. ஆறு பாக்கி. உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படிக் குழி இருந்தா 9-ஆம் வகுப்பு ஆ பிரிவில் வந்து சொல்லுங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்தால் வெளிச்சம் இருக்கும்.

பிறகு இதையே படிப்பாகப் படிக்க ஆசை இருக்கிறவங்களுக்கு ஒரு தகவல். பிளஸ் டூ முடித்தபின் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு படிக்கலாம். 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இப்போது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, அங்கே காட்சித் தொடர்பியல் பிரிவு இருக்கு. இரண்டும் அரசுடையது.