முதலில் கிரைண்டர், பிறகுதான் மெஷின்

வீடு புதுச்சேரியின் கடலோரக் கிராமமான மணப்பட்டில். கையில் இருபதாயிரம் ரூபாய். வீட்டிலேயே எஸ்பிரஸோ போட்டுக் குடிக்க ஆசை. புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் குடித்து நாக்குப் பழகிவிட்டவர்கள் பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் ஆன்லைனில் முதலில் தேடுவது மெஷினை. பெட்டியின் மேல் ‘15 பார்’, ‘20 பார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். மயங்க வேண்டாம். எஸ்பிரஸோவுக்கு வேண்டிய அழுத்தம் சுமார் 9 பார்தான். பெட்டியில் இருப்பது, பம்ப் உச்சத்தில் எவ்வளவு தள்ளும் என்ற கணக்கு.

பட்ஜெட்டில் பாதியையாவது காபி கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். 18 கிராம் தூள் வழியாக 25 முதல் 30 வினாடிக்குள் 36 கிராம் காபி இறங்க வேண்டும் என்பது இன்று பலரும் கையாளும் கணக்கு. தூள் கொஞ்சம் கரகரப்பாக இருந்தால் தண்ணீர் பத்தே வினாடியில் ஓடிவிடும், காபி புளிக்கும். ரொம்ப நைஸாகிவிட்டால் சொட்டுச் சொட்டாக வடிந்து கசக்கும். மிக்ஸியில் அடித்தாலோ பாதி மாவு, பாதி குருணை. புளிப்பும் கசப்பும் ஒரே கோப்பையில் வரும். லட்ச ரூபாய் மெஷினாலும் அந்தத் தூளைக் காப்பாற்ற முடியாது.

மலிவு மெஷின்காரர்களுக்கு இது தெரியும். அதனால்தான் தூள் போடும் வடிகட்டிக்கு இரட்டை அடி வைத்து, கீழே ஊசிமுனை அளவு ஒரே ஒரு ஓட்டை விடுகிறார்கள். எந்தத் தூளைப் போட்டாலும் மேலே நுரை வரும். பார்க்க, நல்ல எஸ்பிரஸோவின் மேல் நிற்கும் நுரையான க்ரெமா மாதிரி இருக்கும், குடித்தால் தெரிந்துவிடும். மெஷின்தான் வேண்டும் என்றால், ஒற்றை அடி வடிகட்டி கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கிரைண்டருக்கு ஒதுக்கிய பணத்துக்குக் கைக் கிரைண்டர்தான் சரி. அதே தரத்தில் மின்சாரக் கிரைண்டர் வேண்டுமென்றால் விலை இரண்டு மடங்காவது ஆகும். உள்ளே கூம்பு வடிவ எஃகுப் பல், அதைத் தூக்கி இறக்க ஒரு வளையம். வளையத்தைத் திருகினால் ‘டிக், டிக்’ என்று விரலில் தட்டும். ஒரு டிக் மாற்றினாலே காபி இறங்கும் நேரம் சில வினாடி கூடும், குறையும். ஒரு டிக்குக்குப் பல் 20 மைக்ரானுக்கு மேல் நகர்ந்தால் எஸ்பிரஸோவுக்கு அது முரடு. இந்த எண்ணைச் சொல்லாத விளம்பரத்தை நான் நம்புவதில்லை.

மீதிப் பணத்துக்கு? கையால் அழுத்தும் நெம்புகோல் சாதனம் என்பேன். ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று நினைக்க வேண்டாம். மிலானைச் சேர்ந்த அச்சில்லே காஜா 1948இல் கொண்டுவந்த நெம்புகோல் மெஷினில்தான் க்ரெமாவே பிறந்தது. மணப்பட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மின்சார மெஷின் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும், சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று புயல் பார்த்த கரை இது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர்தான் கதி. கடலோர நிலத்தடி நீரில் உப்பு வேறு. பாய்லருக்குள் படிந்தால் அடைப்புதான். வாஷர் தேய்ந்தால் உள்ளூர் மிக்ஸி ரிப்பேர்க் கடையில் அந்த அளவு கிடைக்காது. நெம்புகோலுக்கு ஒரு கெண்டி வெந்நீர் போதும்.

பாலும் சர்க்கரையும் சேர்த்துத்தான் குடிப்பீர்கள் என்றால் இவ்வளவு தூரம் வரவே வேண்டாம். 1933இல் இத்தாலியில் பியலெட்டி செய்த மோக்கா பாத்திரம் கேஸ் அடுப்பிலேயே கெட்டியான காபி தரும். அழுத்தம் ஒன்றிரண்டு பார்தான், ஆகவே எஸ்பிரஸோ என்று சொல்ல முடியாது. பாலில் கலந்த பிறகு யாருக்குத் தெரியப்போகிறது! நம் பித்தளை ஃபில்டரும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கொட்டைக்கு வெளிநாடு தேட வேண்டாம். கனத்துக்கும் க்ரெமாவுக்கும் இத்தாலிக்காரர்களே நம் ரொபஸ்டாவை வாங்கிக் கலக்கிறார்கள். சிக்கரி கலந்த தூளை மட்டும் எஸ்பிரஸோவுக்குப் போடாதீர்கள். 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். வறுத்த தேதி அச்சிட்ட கொட்டையாக 250 கிராம் வாங்கினால் போதும். அதிலும் முதல் பாக்கெட்டில் பாதி, சரியான டிக்கைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். ஒரு கிராமைப் பத்தாகப் பிரித்துக் காட்டும் சின்னத் தராசு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கிரைண்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. உப்புக் காற்றுக்கு எஃகுப் பல் துருப்பிடிக்கும், பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மூடி வையுங்கள்.