உள்ளிருந்துதான் கதவு திறக்கும்!

குட்டீஸ், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1976-ஆம் ஆண்டு டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை அது. பிறகு பல ஊர்களில் கிளைகள் வந்தன. அவற்றில் ஒன்று தேனியில் இருக்கிறது.

போடிநாயக்கனூர், சின்னமனூர் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் கண்ணைக் காட்ட ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி தேனிக்கு வர முடியுமா? அதற்காக ஊருக்குள்ளேயே சிறிய பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. நோயாளி மையத்தில் உட்கார்ந்திருப்பார். டாக்டர் தேனியிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் அவரைப் பார்த்துப் பேசுவார்.

இதற்கான இணைப்பை 2000-களின் நடுவில் அமைத்துக் கொடுத்தவர்கள், அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள். நம் வீட்டு வை-ஃபை பக்கத்து அறைக்குப் போவதற்குள்ளேயே திணறும். அதே வை-ஃபையை உயரமான கம்பங்களில் ஆன்டெனா வைத்து, 15 கிலோமீட்டர் வரை போக வைத்தார்கள்!

சரி, அந்தக் கருவிகளில் கோளாறு வந்தால்? அமெரிக்காவிலிருந்து ஓடி வர முடியாது. கம்ப்யூட்டர் வழியாகவே உள்ளே நுழைந்து பார்க்கலாம் என்றால், அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. உங்கள் தாத்தாவின் கம்ப்யூட்டரை நீங்கள் வேறு ஊரிலிருந்து சரிசெய்ய நினைத்தாலும் அதே சிக்கல்தான் வரும்.

மாடி அறை, மதுரை!

மேலூரில் இருக்கும் தாத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறீர்கள். உறையின் மேல் ‘மாடி அறை’ என்று மட்டும் எழுதித் தபால் பெட்டியில் போட்டால் போய்ச் சேருமா? எத்தனையோ வீடுகளில் மாடி அறை இருக்கிறதே! தபால்காரர் பாவம், எந்த மாடிக்கு ஏறுவார்?

வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரின் முகவரியும் அப்படித்தான். 192.168.1.5 என்பது போன்ற ஓர் எண் அதற்கு இருக்கும். ஆனால் அதே எண் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கும். பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகத்தில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது போதாது. அதனால் வீட்டுக்கு வெளியே ஒரே முகவரி, உள்ளே ‘மாடி அறை’, ‘சமையலறை’ என்பது போலத் தனி எண்கள் என்று பிரித்துக்கொண்டார்கள். வெளி முகவரிக்கும் உள் எண்ணுக்கும் நடுவில் நின்று மாற்றிக் கொடுப்பதுதான் ரவுட்டர்.

அதனுடன் ஃபயர்வால் என்ற காவல்காரரும் இருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனைப் போன்றவர் இவர். “குழாய் ரிப்பேர் செய்ய ஆள் வருவார்” என்று வீட்டுக்காரர் சொல்லி வைத்திருந்தால் உள்ளே விடுவார். யாரும் கூப்பிடாமல் ஒருவர் வந்து நின்றால், “யார் உங்களைக் கூப்பிட்டது?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆக, உள்ளே இருப்பவர் முதலில் கூப்பிட வேண்டும். வெளியே இருப்பவர் தானாக நுழைய முடியாது.

சுரங்கப்பாதை வந்தது!

தேனிக்காக ஆராய்ச்சியாளர்கள் கண்ட வழி எளிமையானது. வெளியிலிருந்து தட்டினால் கதவு திறக்காது. ஆனால் உள்ளிருந்து வெளியே போகத் தடையில்லை. எனவே தேனிக் கருவிகளே அவ்வப்போது அமெரிக்காவில் உள்ள கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பும்படி செய்தார்கள். விடுதியில் படிக்கும் பிள்ளை, “நான் நல்லா இருக்கேன்” என்று வீட்டுக்குப் போன் செய்வதைப் போல! அதோடு, தேனியிலிருந்தே ஒரு ரகசிய இணைப்பும் அமெரிக்காவுக்குத் திறந்து வைக்கப்பட்டது. திருமலை நாயக்கர் மகாலில் சுரங்கப்பாதை இருப்பதாகக் கதை கேட்டிருப்பீர்களே, இந்த இணைப்பையும் சுரங்கம் என்றே அழைக்கிறார்கள். அதன் வழியாக ஆராய்ச்சியாளர்கள் உள்ளே வந்து கோளாறைப் பார்த்தார்கள்.

அப்படியும் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து சரிசெய்ய முடியவில்லை. மின்சாரம் ஏறி இறங்கியதில் கருவிகள் பழுதாயின. எரிந்துபோன கருவியை இணையம் வழியாக மாற்ற முடியுமா? அதற்கு அந்த இடத்தில் ஒருவர் வேண்டும். அதனால் உள்ளூர் ஊழியர்களுக்கும் இந்த வேலை கற்றுத் தரப்பட்டது.

தாத்தாவுக்கு உதவலாமா?

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற மென்பொருள்களும் இதே வழியில்தான் இயங்குகின்றன. தாத்தாவின் கம்ப்யூட்டரும் உங்கள் கம்ப்யூட்டரும் தத்தம் வீட்டிலிருந்து வெளியே ஒரு பொது சர்வரைக் கூப்பிடும். அது இரண்டையும் சேர்த்து வைக்கும். தாத்தாவின் திரையில் ஓர் எண் தெரியும். அதைப் போனில் கேட்டு நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டும். தாத்தா ‘சம்மதம்’ என்று அழுத்தியதும் அவருடைய திரை உங்கள் முன்னால் இருக்கும்!

அப்போது சில விஷயங்களை மறக்காதீர்கள். அப்பா அல்லது அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா கேட்ட வேலையை மட்டும் செய்யுங்கள். அவருடைய மற்ற கோப்புகளைத் திறக்காதீர்கள். என்ன செய்கிறீர்கள் என்பதை மெதுவாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். அடுத்த முறை அவரே செய்துகொள்வார். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

திருடனுக்கும் தெரியும்!

வாட்ச்மேனைத் தாண்டி நுழைய முடியாத திருடன் என்ன செய்வான்? வீட்டுக்காரரையே கதவைத் திறக்க வைப்பான். “பேங்க்கிலிருந்து பேசுகிறோம். உங்கள் கணக்கு முடங்கப் போகிறது. இந்த ஆப்பைப் போட்டு, அதில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்” என்பான். தாத்தா பதறிப்போய்ச் சொல்லிவிட்டால், காவல்காரர் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளிருந்துதானே அழைப்பு வந்தது! இப்படிப்பட்ட மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

எனவே குட்டீஸ், தாத்தா பாட்டிக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லி வையுங்கள். ‘உதவி வேண்டுமென்றால் நாம்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் வருகிறவருக்கு அந்த எண்ணைச் சொல்லக் கூடாது.’ இன்று மாலையே போன் செய்து சொல்லிவிடுங்கள், சரியா?