ரோந்தா மலைப்பகுதியும் வெள்ளை ஊர்களும்

ரோந்தா மலைப்பகுதி என்பது ஸ்பெயின் நாட்டின் தெற்கில், அந்தலூசியா தன்னாட்சிப் பகுதியில் அமைந்துள்ள மலைநாடு ஆகும். மாலாகா மாகாணத்தின் மேற்குப் பகுதியில் உள்ள இது, அண்டை மாகாணமான காதிஸின் கிரசலேமா மலைத்தொடரை ஒட்டியுள்ளது. இவ்விரு பகுதிகளிலும் சுண்ணாம்பு பூசிய வீடுகளைக் கொண்ட சிற்றூர்கள் பல உள்ளன. இவை 'வெள்ளை ஊர்கள்' என்று அழைக்கப்படுகின்றன. இவ்வூர்களில் பழைய வீடுகளும் பண்ணை வீடுகளும் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. 'காசா ரூரால்', அதாவது நாட்டுப்புற வீடு, எனப்படும் இவற்றில் ஒன்றில் தங்கினால், சுற்றியுள்ள பெரும்பாலான இடங்களை ஒவ்வொரு நாளும் ஒன்றாகப் பார்த்துத் திரும்பலாம்.

எல்லைப்புற வரலாறு

13ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை, கிறித்தவ காஸ்தீல் அரசுக்கும் முஸ்லிம் கிரானாடா அரசுக்கும் இடையிலான எல்லை இம்மலைகளின் வழியாகச் சென்றது. ஆர்கோஸ் தே லா பிரான்தேரா போன்ற ஊர்ப்பெயர்களில் வரும் 'பிரான்தேரா' என்ற சொல் 'எல்லை' எனப் பொருள்படும். ஊர்கள் சமவெளியில் அமையாமல் குன்றின் உச்சியிலும் செங்குத்துப் பாறையின் விளிம்பிலும் அமைந்ததற்குப் பாதுகாப்பே முதன்மைக் காரணம்.

நீர்த்தேக்கம் ஒன்றின் மேல் உயர்ந்து நிற்கும் சாரா தே லா சியேர்ரா இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1481இல் கிரானாடா படை இவ்வூரைத் திடீரெனத் தாக்கிக் கைப்பற்றியது. இதைத் தொடர்ந்து மூண்ட போர், 1492இல் கிரானாடா அரசின் வீழ்ச்சியில் முடிந்தது. ஊரின் உச்சியில் உள்ள கோட்டைக் கோபுரத்துக்கு நடந்து ஏறிச் செல்லலாம்.

வீடுகளின் வெண்மைக்கும் காரணம் உண்டு. சுண்ணாம்பு இப்பகுதியில் எளிதாகக் கிடைக்கும் பொருள். அது வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கிறது, கிருமிகளையும் கட்டுப்படுத்துகிறது. ஆண்டுதோறும் பூசிவருவதால் பழைய சுவர்களின் மூலைகள் மழுங்கி உருண்டு காணப்படும்.

ரோந்தா

மலைப்பகுதியின் தலைமை நகரம் ரோந்தா. குவாதலெவின் ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு நகரை இரண்டாகப் பிரிக்கிறது. 1735இல் கட்டப்பட்ட பாலம் சில ஆண்டுகளிலேயே இடிந்து விழுந்து பலர் இறந்தனர். அதன்பின் 1751இல் தொடங்கி 1793இல் முடிக்கப்பட்டதே இன்று காணப்படும் 'புவென்தே நுவேவோ' (புதிய பாலம்). இதன் உயரம் சுமார் 98 மீட்டர். இப்பாலத்தைக் கட்டி முடித்த ஹோசே மார்தின் தே அல்தெவேலா என்னும் கட்டடக் கலைஞரே, 1785இல் திறக்கப்பட்ட காளைச் சண்டை அரங்கையும் கட்டியவராகக் கருதப்படுகிறார்.

பாலத்தின் மீது கூட்டம் அதிகமாக இருக்கும். பள்ளத்தாக்கின் அடிவாரத்துக்கு இறங்கும் நடைபாதையில் சென்றால் பாலத்தின் முழு உயரத்தையும் காணலாம். பழைய நகரின் கீழ்ப்பகுதியில் அரபுக் குளியலறைகள் உள்ளன. ரோந்தாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் அசினிப்போ என்னும் உரோமானிய நகரின் இடிபாடுகளும் அரங்கமும் உள்ளன.

செதெனில் தே லாஸ் போதேகாஸ்

ரோந்தாவுக்கு வடக்கே உள்ள இச்சிற்றூரில், திரேஹோ ஆறு அரித்த பாறைகளின் அடியிலேயே வீடுகள் கட்டப்பட்டுள்ளன. முன்சுவர் மட்டுமே மனிதர் எழுப்பியது. கூரையும் பின்சுவரும் இயற்கைப் பாறை. அதனால் கோடையில் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். 'போதேகாஸ்' என்பது மதுக் கிடங்குகளைக் குறிக்கும். முன்பு இங்கு திராட்சை பயிரிடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் பிலாக்செரா என்னும் பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபின் பெயர் மட்டும் எஞ்சியது.

கிரசலேமா

தெற்கு ஸ்பெயின் வறண்ட நிலம் என்று பரவலாகக் கருதப்பட்டாலும், கிரசலேமா அந்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதும் உயர்ந்த மலைகள் இவையே. ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. இம்மலைகள் 1977இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. மழையும் குளிரும் சேர்ந்த சரிவுகளில், 'பின்சாப்போ' என்னும் அரிய ஊசியிலை மரம் வளர்கிறது. பின்சாப்போ காட்டுக்குள் நடந்து செல்ல முன்அனுமதி பெற வேண்டும். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் நடைப்பாதைகளுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

கிரசலேமா கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்றது. அழிவின் விளிம்பில் உள்ள உள்ளூர் வெள்ளாட்டு இனமான 'பயோயா'வின் பாலில் செய்யப்படும் பாலாடைக்கட்டியும் இப்பகுதியின் சிறப்பு.

பிலேத்தா குகை

பெனாவோஹான் ஊருக்கு அருகில் உள்ள இக்குகையை 1905இல் ஹோசே புல்லோன் என்னும் உழவர் கண்டறிந்தார். வயலுக்கு உரமாக வௌவால் எச்சத்தைத் தேடி அவர் உள்ளே இறங்கினார் என்று சொல்லப்படுகிறது. சுவர்களில் பழைய கற்கால மக்கள் வரைந்த குதிரை, ஆடு ஆகியவற்றின் உருவங்களும் பெரிய மீன் ஒன்றின் உருவமும் உள்ளன. ஓவியங்களைப் பாதுகாப்பதற்காகச் சிறு குழுக்களாக, வழிகாட்டியுடன் மட்டுமே பார்வையாளர்கள் அனுமதிக்கப்படுகின்றனர்.

ரயில் ஓடாத பாதை

ஒல்வேரா, புவேர்தோ செர்ரானோ ஆகிய ஊர்களுக்கு இடையே 36 கிலோமீட்டர் நீளப் பாதை ஒன்று உள்ளது. 1920களில் ரயிலுக்காகச் சுரங்கங்களும் பாலங்களும் கட்டப்பட்டன. ஆனால் திட்டம் கைவிடப்பட்டு, ஒரு ரயிலும் ஓடவில்லை. இன்று அது மிதிவண்டிக்கும் நடைக்கும் உரிய 'பசுமை வழி'யாக உள்ளது. வழியில் சாப்ரமகோன் என்னும் பாறைக்குன்றில் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன.

சுற்றுலாவும் ஊர்களின் வாழ்வும்

ரோந்தாவுக்கு வருவோரில் பலர் கடற்கரை விடுதிகளிலிருந்து பேருந்தில் வந்து, பாலத்தைப் பார்த்துவிட்டுச் சில மணி நேரத்தில் திரும்புகின்றனர். நெரிசல் ஒரு நகரில் குவிய, சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து இளைஞர்கள் வேலை தேடி வெளியேறுகின்றனர்.

சில நூறு பேர் கூட இல்லாத ஹூஸ்கார் ஊரின் கதை இதை நன்கு விளக்குகிறது. 2011இல் 'ஸ்மர்ஃப்' திரைப்பட விளம்பரத்துக்காக அவ்வூர் முழுவதும் நீல வண்ணம் பூசப்பட்டது. மீண்டும் வெள்ளையடித்துத் தருவதாகப் பட நிறுவனம் கூறியிருந்தும், பயணிகள் வருகை பெருகியதால் ஊரார் நீலத்தையே வைத்துக்கொள்ள முடிவு செய்தனர். 2017இல் ஸ்மர்ஃப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை முடிவுக்கு வந்தது. நீலம் மட்டும் நீடித்தது. வெள்ளை ஊர் ஒன்று தன் வெண்மையையே விட்டுக்கொடுக்கும் அளவுக்கு வருவாய் தேவைப்பட்டது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

ஆகவே, சிற்றூரில் சில இரவுகள் தங்கி, அங்குள்ள கடையிலும் உணவகத்திலும் செலவிடுவது ஊர்களுக்கு நேரடியாகப் பயன் தரும்.

பயணக் குறிப்புகள்

வசந்த காலமும் இலையுதிர் காலமும் ஏற்றவை. பேருந்துகள் குறைவு என்பதால் வாடகைக் கார் வசதியானது. அல்ஹெசீராஸ் துறைமுகத்துக்குச் செல்லும் ரயில் பாதை ரோந்தா, பெனாவோஹான் வழியாகச் செல்கிறது. சிற்றூர்களில் பிற்பகலில் பெரும்பாலான கடைகள் மூடப்பட்டு, மாலையில் மீண்டும் திறக்கும்.