வொலெமை தேசியப் பூங்கா

வொலெமை தேசியப் பூங்கா என்பது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னி நகருக்கு வடமேற்கே அமைந்துள்ள ஒரு தேசியப் பூங்கா ஆகும். 1979 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பளவு சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் ஆகும். இதன் வடகிழக்கே ஹன்டர் பள்ளத்தாக்கும், மேற்கே மட்ஜியும் உள்ளன. இவ்விரண்டும் புகழ்பெற்ற வைன் உற்பத்திப் பகுதிகள் ஆகும். 2000 ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களமாக அறிவித்த பெரும் நீல மலைப் பகுதியில் இப்பூங்காவும் அடங்குகின்றது.

நில அமைப்பு

ஒரே வட்டாரத்தில் திராட்சைத் தோட்டங்களும் மனிதர் குடியேறாத காடும் அருகருகே இருப்பதற்கு அங்குள்ள பாறைகளே முதன்மைக் காரணம் ஆகும். ஹன்டர் பள்ளத்தாக்கின் அடியில் பெர்மியன் காலத்தைச் சேர்ந்த நிலக்கரிப் படிவுகளும் மென்மையான களிப்பாறைகளும் உள்ளன. இவை எளிதில் அரிக்கப்பட்டதால் அகன்ற பள்ளத்தாக்கு உருவானது. ஆற்று வண்டலும் செம்மண்ணும் அங்கு வேளாண்மைக்கு உதவின. தெற்கே இப்படிவுகளின் மேல் ட்ரையாசிக் காலத்து மணற்கல் தடித்த அடுக்காகக் கிடக்கின்றது. இக்கடினமான பாறையை ஆறுகள் வெட்டியதால் செங்குத்தான மலைமுகங்களும் குறுகிய ஆழ்பள்ளங்களும் தோன்றின. மணற்கல்லில் இருந்து உருவாகும் மண் வளம் குன்றியது என்பதால் உழவர்கள் இந்நிலத்தை நாடவில்லை. ஆகவே காடு எஞ்சியது.

வொலெமை மரம்

1994 ஆம் ஆண்டு டேவிட் நோபிள் என்னும் பூங்கா அலுவலர், கயிற்றின் உதவியுடன் மட்டுமே இறங்கக்கூடிய ஓர் ஆழ்பள்ளத்தில் அதுவரை அறியப்படாத மரம் ஒன்றைக் கண்டார். அரோகேரியா குடும்பத்தைச் சேர்ந்த இம்மரத்திற்கு வொலெமியா நோபிலிஸ் என்று பெயரிடப்பட்டது. இது 40 மீட்டர் வரை வளரக்கூடியது. இயற்கையில் வளர்ந்த மரங்கள் நூற்றுக்கும் குறைவாகவே உள்ளன.

இம்மரங்கள் உள்ள இடம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுவதில்லை. பைட்டோப்தோரா என்னும் வேரழுகல் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரி, நடப்பவரின் காலணியில் ஒட்டும் மண் வழியாகவே பரவக்கூடும் என்பது இதற்கு ஒரு காரணம். நாற்றங்கால்களில் பெருக்கப்பட்ட கன்றுகள் தற்போது உலகின் பல தாவரவியல் பூங்காக்களில் வளர்கின்றன.

2019-20 காட்டுத்தீ

2019 அக்டோபர் இறுதியில் பூங்காவின் காஸ்பர்ஸ் மலைப் பகுதியில் மின்னல் தாக்கியதால் பற்றிய தீ, 5 இலட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை எரித்தது. வொலெமை மரங்களைக் காக்க, விமானங்கள் தீத்தடுப்பு வேதிப்பொருளைத் தூவின. ஹெலிகாப்டரில் இருந்து இறக்கப்பட்ட வீரர்கள் நீர்த்தெளிப்பு அமைப்பை நிறுவினர். சில மரங்கள் கருகினாலும் பெரும்பாலானவை தப்பின.

திராட்சைத் தோட்டங்களை நெருப்பு எட்டாத இடங்களிலும் புகை எட்டியது. மரம் எரியும்போது வெளிவரும் குவையகால் போன்ற பீனால் சேர்மங்கள் திராட்சைத் தோல் வழியே உட்சென்று சர்க்கரையுடன் பிணைகின்றன. பழத்தைச் சுவைக்கும்போது இது பெரும்பாலும் தெரிவதில்லை. நொதித்தலின்போது பிணைப்பு உடைந்து வைனில் சாம்பல் சுவை தோன்றுகின்றது. செந்நிற வைன் தோலுடன் சேர்த்தே நொதிக்கப்படுவதால் அதிகம் பாதிக்கப்படும். எனவே 2020 ஆம் ஆண்டில் ஹன்டர் பகுதியின் உற்பத்தியாளர்கள் பலர் தம் அறுவடையின் பெரும்பகுதியைக் கைவிட்டனர். காட்டின் பாதுகாப்பும் தோட்டத்தின் பிழைப்பும் தனித்தனியானவை அல்ல என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பயணம்

பூங்காவின் பெரும்பகுதியில் சாலைகள் இல்லை. மேற்கு விளிம்பில் உள்ள டன்ஸ் சதுப்பில் படகு செலுத்தலாம். தெற்கே, 1932 இல் மூடப்பட்ட நியூன்ஸ் இரயில் பாதையின் பழைய சுரங்கப்பாதையில் ஒளிரும் புழுக்களைக் காணலாம்.

ஆழ்பள்ளங்கள் ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றுவதால் வழி தவறுதல் எளிது. செல்பேசி இணைப்பும் பல இடங்களில் கிடைப்பதில்லை. ஆகையால் நிலப்படம், போதிய குடிநீர், அவசர சமிக்ஞைக் கருவி ஆகியவற்றை எடுத்துச் செல்வதும், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே ஒருவரிடம் தெரிவிப்பதும் இன்றியமையாதவை ஆகும். கடும் தீ அபாய நாட்களில் பூங்கா மூடப்படுவதுண்டு.